எந்த இடத்தில் பத்தவில்லை

முப்பத்து நான்காம் வளைவில் இப்போது நான் கியர் குறைப்பதில்லை. இரண்டாவது கியரிலேயே வளைந்து, கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், வண்டி தன்பாட்டுக்கு ஏறிவிடுகிறது. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்குப் போகும் கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். பழைய இன்ஜின் இருந்தவரை அந்தப் பலகைகளை நான் பார்த்ததே இல்லை. வண்டி படும் பாட்டை வைத்தே எந்த வளைவு என்று தெரியும். முப்பத்து நான்கில் உள்பக்கமாகத் திரும்பினால் சரிவு சட்டென்று கூடும். இன்ஜின் முக்கும், டேங்க் தொடையில் அதிரும், இடது கால் தானாக முதல் கியரைத் தேடிப் போகும். கிளட்சைப் பிடித்து விடுவதற்குள் ஒரு நொடி சத்தம் அடங்கும். அந்த ஒரு நொடியில் பாறையில் தண்ணீர் கசிவது கேட்கும், ஈர இலையும் சூடான கிளட்ச் பிளேட்டும் கலந்த ஒரு வாசனை வரும். பிறகு முதல் கியரில் இன்ஜின் கத்த ஆரம்பித்து எல்லாவற்றையும் மூடிவிடும். இப்போது அந்த நொடி இல்லை. போன மாதம் ஏறும்போது முப்பத்து நான்கைக் கடந்துவிட்டோம் என்பதே நாற்பத்தொன்றின் பலகையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மெதுவாகப் போனால்தான் மலை தெரியும் என்று சொல்ல வரவில்லை. அது நடந்து போகிறவர் சொல்ல வேண்டியது; பெட்ரோலை எரித்துக்கொண்டு போகிறவனுக்கு அந்தப் பேச்சில் யோக்கியதை கிடையாது. என்னை உறுத்துவது வேறு. கழுத்தில் சட்டைப் பட்டையின் நூல் ஒன்று குத்திக்கொண்டே இருக்கும், தடவிப் பார்த்தால் கைக்குச் சிக்காது. அதைப் போன்ற ஒன்று.

வண்டி இம்பல்ஸ். ஹோண்டாவைப் பிரிந்த கையோடு 2011இல் ஹீரோ கொண்டுவந்தது. பிரேசிலில் ஹோண்டா விற்ற ப்ரோஸ் என்ற வண்டியின் சாயல். தார் ரோட்டுக்கும் மண் தடத்துக்கும் சேர்த்துச் செய்த உயரமான வண்டி. நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது 'இது என்ன, போலீஸ் வண்டியா?' என்றுதான். முன்சக்கரம் 19 அங்குலம், சஸ்பென்ஷன் நீளம், குழியில் விழுந்தால் தாய்மடியில் விழுந்தது போலிருக்கும். ஆனால் இத்தனை உயரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த இன்ஜின் வெறும் 149 சிசி, 13 குதிரைத்திறன். தினமும் ஆபீஸ் போகிற வண்டியில் இருக்கிற இன்ஜின். வாங்கிய இரண்டாம் மாதமே என் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது: பத்தலை. சோறு பத்தலை, சம்பளம் பத்தலை, கல்யாணத்துக்கு வாங்கிய துணி பத்தலை என்று நாம் சொல்லும்போதெல்லாம் எதற்குப் பத்தலை என்பது கூடவே இருக்கும். வண்டி பத்தலை என்று சொல்லும்போது மட்டும் அது இருப்பதில்லை. நாமக்கல்லில் எனக்கு வண்டி பார்க்கிற மெக்கானிக் அறுபது வயதுக்காரர். லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை. பத்தலை என்று நான் போய் நின்றபோது அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: 'எந்த எடத்துல பத்தலீங்க தம்பி?' மலை ஏறும்போது என்றேன். 'மலையில எந்த எடம்?' எனக்கு எரிச்சலாக இருந்தது. நாக்கைக் காட்டு என்று சொல்லும் டாக்டரிடம் ஸ்கேன் எழுதிக் கேட்கப் போனவனின் எரிச்சல். யோசித்துப் பார்த்து, முப்பத்து நான்காவது வளைவு, பின்னால் வீட்டுக்காரம்மா, மடியில் அரிசிச் சிப்பம் என்றேன். செம்மேட்டில் மனைவியின் சித்தி வீடு. மாதம் ஒருமுறை அரிசி கொண்டுபோய்க் கொடுப்போம். 'அப்ப ஒரு வளைவுக்குத்தான் பத்தலை' என்றார் அவர். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடலாம், சில நூறு ரூபாய் வேலை, அரை மணி நேரம். எனக்கு அது பிடிக்கவில்லை. பல் குறைப்பது என்கிற பேச்சிலேயே ஏதோ குறைவு இருந்தது.

எனக்கு வேலை கணக்கு எழுதுவது. ஆகவே மிகப் பிந்தி, எல்லாம் செய்து முடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது. ஒரு ஆளை ஒரு நொடியில் இடுப்பளவு உயரத்துக்குத் தூக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி 134 கிலோ, நான் 78, அவள் 62, அரிசியும் பையும் 26. கூட்டினால் சரியாக 300. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் நொடிக்குப் பத்து மீட்டர் ஓடி ஒரு மீட்டர் உயர்கிறோம். 300ஐ 75ஆல் வகுத்தால் நான்கு. டயரின் உரசல், காற்று, செயினில் போகிற நஷ்டம் எல்லாம் சேர்த்தாலும் ஆறைத் தாண்டாது. இருந்தது பதின்மூன்று. மலை மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 1,200 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடப் பதினோரு சதவீதம் குறைவு, இன்ஜின் இழுக்கும் மூச்சும் அந்த அளவு குறையும். அதாவது சுங்கம் வாங்குவது போல மலை ஒரு குதிரையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சரி, பன்னிரண்டு. ஆறு போதும் என்ற இடத்துக்குப் பன்னிரண்டைக் கொண்டுபோனவனுக்கு எப்படிப் பத்தாமல் போயிற்று? பென்சிலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்று என்பது நிமிடத்துக்கு 7,500 சுற்றில் மட்டும் கிடைக்கிற பதின்மூன்று. வளைவில் வேகம் பதினெட்டுக்கு விழும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றில் கிடக்கும். அங்கே அதனிடம் மூன்று குதிரை இருந்தால் அதிகம். அதே வேகத்தில் முதல் கியரில் போட்டால் சுற்று மூவாயிரத்து ஐந்நூறுக்கு ஏறும். என் கணக்கில் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆக எனக்குப் பத்தாமல் போனது இரண்டாவது கியருக்கும் முதல் கியருக்கும் நடுவில் இருந்த ஒரு இடுக்கில். அந்த இடுக்கு இன்ஜினுக்குள் இருந்ததா, கியரைக் குறைக்க மனம் வராத எனக்குள் இருந்ததா என்று கேட்டால், மெக்கானிக் சொன்ன ஒரு பல் அந்த இடுக்கைச் சரியாக மூடியிருக்கும் என்பதுதான் பதில். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டியதற்குச் சமம். எட்டு சதவீதம் இழுவை கூடும், அதே அளவு ஓட்டம் குறையும். குதிரை ஒன்றுகூடக் கூடாது. இருக்கிற குதிரையை வேறு இடத்தில் கட்டுகிற வேலை அது.

என் தாத்தா வண்டி ஓட்டியவர், மாட்டு வண்டி. ஆற்று மணலிலிருந்து கரை ஏறும் இடத்தில் பாரம் இழுக்காவிட்டால் பின்னால் வருகிற வண்டியின் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்து முன்னால் பூட்டுவார்கள். இரண்டு சோடி சேர்ந்து வண்டியைக் கரையேற்றும். பிறகு அந்தச் சோடியை அவிழ்த்து அதன் வண்டிக்கே கொண்டுபோய்க் கட்டி, இவருடைய மாடுகளையும் கூடவே பூட்டி, அதையும் மேலே கொண்டுவருவார்கள். நான் பார்த்ததில்லை, அவர் சொல்லிக் கேட்டதுதான். சொல்லும்போது கைகள் இரண்டும் நுகத்தடியை மாட்டுவது போலவும் கழற்றுவது போலவும் அசையும். மாட்டுவதற்கு எத்தனை நேரம் கையை ஆட்டினாரோ அத்தனை நேரம் கழற்றுவதற்கும் ஆட்டுவார். கியர்பெட்டியில் முதல் கியர் என்று இருக்கிறதே, அது அந்த இரண்டாவது சோடிதான். மேட்டுக்கு மட்டும் பூட்டுவது, ஏறியதும் அவிழ்த்துவிடுவது. நான் செய்தது இரண்டாவது சோடியை வண்டியிலேயே நிரந்தரமாகக் கட்டிப்போட்டது. சந்தைக்கும் அதே நாலு மாடு, கோயிலுக்கும் அதே நாலு மாடு, பக்கத்துத் தெருவில் தீப்பெட்டி வாங்கப் போவதற்கும் அதே நாலு மாடு.

ஒரே நாளில் அங்கே போய்ச் சேரவில்லை. முதலில் சைலன்சர். சத்தம் எளிதாக வெளியேறுகிற மாதிரி ஒன்றை வாங்கி மாட்டினேன். காரவள்ளி வரை வண்டி பறந்தது என்று சத்தியம் செய்வேன். அடுத்த வாரம் அதே தூரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். இரண்டு மைல்கல்லுக்கு நடுவே பழைய சைலன்சரில் எத்தனை நொடியோ அத்தனையேதான். வேகத்தைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் நம்பிவிடுகிறது. மனைவி மட்டும் நம்பவில்லை. சித்தி வீட்டுக்கு வருவது செம்மேடு முழுக்கத் தெரிகிறது என்றாள். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டுக் காற்றைக் கூடுதலாக உள்ளே விட்டேன். காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் கூட வேண்டும் அல்லவா? கூட்டாமல் இரண்டு வாரம் ஓட்டினேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் பேசவில்லை, பிளக்கை என் உள்ளங்கையில் வைத்தார். முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நன்றாக எரிகிற இன்ஜினில் அது காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு, குறைந்தால் சூடு, சூடு கூடினால் பிஸ்டன் உருகும். கார்புரேட்டரில் மெயின் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு. சட்டைப் பொத்தானைவிடச் சிறிது, நடுவில் ஊசித் துளை. அதைப் பெரிய துளைக்கு மாற்றினோம். கீழே நாமக்கல்லில் சரியாக ஓடியது. மேலே போனதும் மெலிந்த காற்றில் பெட்ரோல் அதிகமாகித் தும்மியது. கீழே ஒரு ஜெட், மேலே ஒரு ஜெட் என்று பையில் ஸ்க்ரூடிரைவரோடு அலைந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களைப் பற்றி யாரிடமும் புலம்பியதில்லை. உண்மையில் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். பெட்ரோல் வாடை நகக்கண்ணில் ஏறி, சோற்றில் கையை வைத்தால் மணக்கும். கணக்கு எழுதுகிற ஒருவனுக்குத் தன் கையால் ஒரு துளையை மாற்றி மலையோடு பேரம் பேச முடிந்தது சின்ன விஷயமா? இந்தக் கட்டுரையில் நான் எதையாவது பழிக்கிறேன் என்றால் அந்த நாட்களை அல்ல.

கடைசியில் இன்ஜினையே மாற்றினேன். இம்பல்ஸ் வைத்திருந்தவர்களிடையே அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது: 2003இல் வந்த கரிஸ்மாவின் 223 சிசி இன்ஜினைத் தூக்கி இம்பல்ஸில் வைப்பது. ஹோண்டாவின் காட்டுவண்டி இன்ஜின்களோடு உறவுள்ள இன்ஜின் அது. சுமார் 17 குதிரைத்திறன், முறுக்குவிசை 18 நியூட்டன் மீட்டருக்கு மேல். தமிழில் ஒரு வசதி உண்டு. கைப்பிடியைத் திருகுவதும் முறுக்குவதுதான், இன்ஜினின் அச்சு திருகுகிற பலமும் முறுக்குதான், மீசையை ஏற்றிவிடுவதும் முறுக்குதான், பேச்சுவார்த்தை இல்லாமல் விறைத்துக்கொண்டு நிற்பதும் முறுக்குதான். இந்த நாலும் எனக்குள் தனித்தனியாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒரு கடையில், விழுந்து நசுங்கிய கரிஸ்மா ஒன்றின் இன்ஜின் கிடைத்தது. சிலிண்டரின் தகடுகளுக்கு நடுவே புல் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ விழுந்த இடத்துப் புல். அதை நான் பிடுங்கிப் போட்டேன். விழுந்தவருக்கு என்ன ஆனது என்று கடைக்காரரிடம் கேட்கத் தோன்றவில்லை என்பது இப்போதுதான், இதை எழுதும்போதுதான், ஞாபகம் வருகிறது.

அதை உட்கார வைப்பது கல்யாணச் சம்பந்தம் பேசுவதைவிடக் கடினம். பழைய இன்ஜினின் விட்டம் 57.3 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 57.8, புதியதில் 65.5க்கு 66.2. சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை வித்தியாசம். ஆனால் அந்தச் சிறு வித்தியாசத்தைச் சுற்றி இருக்கிற இரும்பு முழுவதும் பெருத்திருந்தது. ஃபிரேமின் காதுகள் ஒன்றும் நேருக்கு நேர் வரவில்லை. லேத் பட்டறையில் எட்டு மில்லிமீட்டர் தகட்டில் புதிய தாங்கிகள் வெட்டி, அட்டையில் படம் வரைந்து, வைத்துப் பார்த்து, அரம் போட்டுத் தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்து மூன்று நாள். சைலன்சரின் வளைவுக் குழாயை வெட்டி ஒட்டினார்கள். வயரிங்கில் ஒரு நாள் முழுவதும் போயிற்று. நான்காம் நாள் சாயங்காலம் ஸ்டார்ட் செய்தபோது வந்த சத்தத்துக்குப் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான். அடித்தொண்டைச் சத்தம். பழைய இன்ஜின் ஆறாம் வகுப்புப் பையன் ஒப்பிப்பது போல ஓடும். இது குரல் உடைந்தவன் போல. மெக்கானிக் மட்டும் வண்டியைச் சுற்றி வந்து முன்பிரேக்கை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். 'இதெல்லாம் பழசுங்க தம்பி' என்றார். இன்ஜினைச் சொல்லவில்லை.

அவர் சொன்னது ஓட்டிய முதல் மாதத்திலேயே புரிந்தது. திறன் என்பது நாம் கேட்ட இடத்தில் மட்டும் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. வெல்லப்பாகு மாதிரி எங்கும் பரவும். முப்பத்து நான்காம் வளைவுக்கு என்று வாங்கினேன். அது செயினுக்குப் போயிற்று, ஆண்டுக்கு ஒன்று மாற்றியது இப்போது ஏழு மாதம் தாங்குகிறது. பின்பிரேக்குக்குப் போயிற்று, அந்த டிரம் பிரேக் 13 குதிரைக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது, இறக்கத்தில் சூடேறி வழுக்குகிறது. நட்டுகளுக்குப் போயிற்று, புது அதிர்வில் எங்காவது ஒன்று தினமும் தளர்கிறது, எங்கே என்று தேடுவதே காலைக்கடன். என் வலது மணிக்கட்டுக்குப் போயிற்று. முன்னால் போகும் பஸ்ஸை முந்துவதற்கு முன்பு நான் எவ்வளவு யோசிப்பேன் என்பது மனைவிக்குத் தெரியும், ஏனென்றால் அந்த யோசனை நேரத்தில்தான் அவள் என் தோளில் கை வைப்பாள். இப்போது வண்டி கிளம்பியதிலிருந்தே கை தோளில் இருக்கிறது. இத்தனைக்கும் நேர்ச்சாலையில் எவ்வளவு கூடியது என்று பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்ல வேண்டிய திறனோ வேகத்தின் கனத்தில் ஏற வேண்டும். பதின்மூன்றைப் பதினேழாக்கினால் உச்ச வேகம் ஒன்பது சதவீதம்தான் கூடும். நூற்றைந்தில் நின்ற முள் நூற்றுப் பதினைந்தில் நிற்கிறது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்துப் பத்துக் கிலோமீட்டர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பத்தையும் மொத்தமே மூன்று தடவைதான் பயன்படுத்தியிருப்பேன்.

சட்டம் பற்றியும் சொல்லிவிட வேண்டும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். சத்தத்துக்கும் கணக்கு உண்டு: 80 சிசிக்கு மேல் 175 வரை 77 டெசிபல், அதற்கும் மேலே 80. என் வண்டி காகிதத்தில் 77இன் வரிசை, நடுரோட்டில் 80இன் வரிசை. ஆனால் என்னை அபராதத்தைவிட அதிகமாகத் தொந்தரவு செய்வது இன்ஜின் எண். பதிவுச் சான்றில் அச்சாகியிருப்பது பழைய இன்ஜினின் எண். காப்பீட்டிலும் அதுவே. அரசாங்கத்தைப் பொறுத்தவரை இன்றைக்கும் கொல்லிமலை ஏறிக்கொண்டிருப்பது என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்குக்குள் கிடக்கிற இன்ஜின்தான். சோதனைச் சாவடியில் கை காட்டினால் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொள்கிறது. முன்பு அந்த இடத்தில் நின்று, போலீஸ்காரரிடம் மேலே மழையா என்று கேட்டுவிட்டுப் போவேன்.

கொல்லிமலை சங்ககால மன்னன் ஓரியின் மலை. ஓரிக்கு ஒரு குதிரை. அதற்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. அவனோடு போரிட்ட காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். பள்ளியில் படித்தபோது புலவருக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சிரித்தோம். இப்போது அந்த மலையிலேயே குதிரைத்திறன் பேசிக்கொண்டு ஏறும்போது அது வேறுவிதமாகத் தோன்றுகிறது. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் இருந்தால் குதிரை பத்தலை என்று அவன் யாரிடம் சொல்வான்? ஜப்பானில் யமஹா 1985இல் செரோ என்று ஒரு சின்ன மலைவண்டியை விட்டது. செரோ என்பது அங்கே மலைகளில் வாழ்கிற ஆடு போன்ற ஒரு விலங்கு. நம் வரையாட்டுக்குத் தூரத்து உறவு. வரையாட்டைப் பாறையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பலத்தால் ஏறுவதில்லை, குளம்பை எங்கே வைப்பது என்பதால் ஏறுகிறது. அந்த வண்டியின் எண்ணமும் அதுவே: ஓட்டுகிறவர் தேவைப்பட்டால் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு ஏறலாம், அதற்காகவே தாழ்வாகவும் லேசாகவும் செய்தார்கள். நூறு கிலோவைச் சற்றே தாண்டும் எடை. அந்த வரிசை வண்டி ஒன்றில்தான் லோயிஸ் ப்ரைஸ் என்ற ஆங்கிலேயப் பெண் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் கடைக்கோடி வரை தனியே போனார். அதன் இன்ஜின் எத்தனை சிசி என்று பார்த்தேன். 223. நான் காசு கொடுத்து, ஃபிரேமை வெட்டி, எது இல்லை என்று கொண்டுவந்து வைத்தேனோ அதே எண். அவர்கள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு வண்டியை இளைக்கவைத்தார்கள். நான் அதே எண்ணைக் கொண்டுவந்து வண்டியைக் கனக்கவைத்தேன். பாலைவனங்களைத் தாண்டும் டக்கார் பந்தயத்தில்கூட 2011 முதல் மோட்டார் சைக்கிளுக்கு 450 சிசிக்கு மேல் கூடாது என்று கட்டிவைத்திருக்கிறார்கள். கட்டிவைத்த பிறகும் அவர்கள் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குக் கூசுகிறது.

இத்தனையும் எழுதிவிட்டு எனக்கே ஒரு சந்தேகம். போதும் என்பவன் பெரும்பாலும் கையில் இருப்பவன்தான். வாரச் சந்தையன்று காலையில் அதே மலையில் எதிரே இறங்குகிற எக்ஸெல் மொபெட்களைப் பார்க்கிறேன். ஓட்டுகிறவர் தெரியமாட்டார், முன்னால் ஒரு பலாப்பழ மூட்டை, பின்னால் இரண்டு வாழைத்தார், நடுவில் ஒரு தலை. அவர்களுக்குப் பத்தாமை என்பது கிலோவில், ரூபாயில், இன்னொரு நடையில் இருக்கிறது. எந்த இடத்தில் பத்தலை என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அவர்கள் எதையாவது மாற்றிக்கொண்டால் அதைப் பற்றிக் கட்டுரை எழுதமாட்டார்கள். கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. இம்பல்ஸ் நின்றுபோய், 2019இல் அதன் தம்பி போல எக்ஸ்பல்ஸ் 200 வந்தது, 18 குதிரை. 2021இல் நான்கு வால்வு. 2025இல் 210, 24 குதிரைக்கு மேல். இருநூறு வந்த ஆண்டே அதை வாங்கிய என் அலுவலகத் தம்பி ஒருவன் மூன்றாம் மாதம் என் மேசைக்கு வந்து நின்றான். 'அண்ணா, உங்க மெக்கானிக் நம்பர் கொடுங்க. வண்டி சூப்பர்தான், ஆனா மலையில கொஞ்சம் பத்தலை.' எந்த இடத்தில் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை ஒரு பல்லைக் குறைத்துப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் இருக்க முடியும். எண்ணைக் கொடுத்தேன். அவன் போனபிறகு அவன் எந்த வளைவைச் சொல்லியிருப்பான் என்று வெகுநேரம் யோசித்தேன். ஐம்பத்திரண்டாக இருக்கலாம். அங்கேயும் ஒரு சரிவு உண்டு.

பழைய இன்ஜினைச் சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். விற்றுவிடு என்கிறாள் மனைவி. இரும்பு விலைக்குக்கூடப் போகும். மகள் அதன் மேல்தான் பள்ளிக்கூட ஷூவைக் கழற்றி வைக்கிறாள். சாக்கின் அடியில் எண்ணெய் கசிந்து தரையில் ஒரு தோசையளவு கறை. மாதம் ஒருமுறை, யாரும் பார்க்காத நேரத்தில், சாக்கைப் பிரித்து, ஓரத்து மூடியைக் கழற்றி, கிராங்க் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்புவேன். துருப்பிடித்து இறுகிவிடக் கூடாது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். முதல் அரைச்சுற்று லேசாக வரும். அப்புறம் கனக்கும். பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்துகிற இடம் அது. ஸ்பேனர் கையில் எதிர்த்து நிற்கும், இரண்டு கையும் வைக்க வேண்டும். மெல்ல அழுத்தினால் உள்ளே எங்கோ காற்று கசிகிற சத்தம், பாறையில் தண்ணீர் கசிவதைப் போலவே, ஒரு நொடி கேட்கும். அந்த முகட்டைத் தாண்டியதும் ஸ்பேனர் தானாக விழுந்து தரையில் தட்டும். மேலே மகள் என்னப்பா சத்தம் என்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்று திருப்புவேன்.